கணக்கு மடிக்கணினியில் லினக்ஸ்: மெய்நிகர் இயந்திரம் நிறுவுவது பற்றிச் சில ஐயங்கள்

கேள்வி: தூள்கணக்கர், கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராகப் பணியாற்றுகிறேன். விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடை, அவர்களுக்கான பட்டுவாடா, குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளின் விவரம் ஆகிய எல்லாமே ஒரே மடிக்கணினியில், விண்டோஸ் 11இல் ஓடும் கணக்கு மென்பொருளில்தான் இருக்கின்றன. மாலை நேரங்களில் அதே கணினியில் லினக்ஸ் பழகிக்கொள்ள முதலாளி அனுமதி தந்திருக்கிறார். கணக்குக்கு எந்தப் பழுதும் வரக்கூடாது என்பதே அவருடைய ஒரே நிபந்தனை. அதனால்தான் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துத் துவக்கும்போது ஒன்றைத் தேர்வு செய்யும் இரட்டைத் துவக்க முறையைத் தவிர்த்து, விண்டோஸுக்குள்ளேயே ஒரு சாளரத்தில் ஓடும் போலிக் கணினியான மெய்நிகர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கணினியில் இன்டெல் ஐ5 செயலியும் 8 ஜி.பி. ராமும் இருக்கின்றன, எஸ்.எஸ்.டி.யில் ஏறத்தாழ 90 ஜி.பி. காலியாக இருக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் 7ஐ நிறுவி, 25 ஜி.பி. வட்டு ஒதுக்கி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04இன் ஐ.எஸ்.ஓ. கோப்பை (நிறுவல் வட்டின் நகலை) கொடுத்துத் தொடங்கினால், ஒவ்வொரு திரையும் வருவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடித்துவிடலாம் போல அவ்வளவு மந்தமாக இருக்கிறது. சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை நிறத்தில் ஓர் ஆமைப் படம் தெரிகிறது. அதன் பொருள் என்ன? மேலும், உபுண்டுவை நிறுவும் நிரலான நிறுவி ஒரு கட்டத்தில் "வட்டை அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவு" என்ற தெரிவைக் காட்டுகிறது. அது எந்த வட்டைக் குறிக்கிறது என்பது உறுதியாகத் தெரியும் வரை அதற்கு மேல் செல்ல எனக்கு மனம் வரவில்லை. இணைய இணைப்பு கைபேசி ஹாட்ஸ்பாட் வழியாகத்தான். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் அதுவும் அறுந்து அறுந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: சிம்ஸ்பூங்கா, குன்னூர்

முதலில் அச்சம் தரும் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளே ஓடும் நிறுவிக்கு உங்கள் எஸ்.எஸ்.டி. இருப்பதே தெரியாது. நீங்கள் இயந்திரத்தை உருவாக்கியபோது வி.டி.ஐ. என்ற நீட்சியுடன் ஒரு கோப்பு உருவானது அல்லவா, அந்தக் கோப்பைத்தான் அது முழு வன்தட்டு என்று எண்ணிக்கொள்கிறது. அழிப்பதும் பிரிப்பதும் அந்தக் கோப்புக்குள் மட்டுமே நடக்கும். திரையில் காட்டப்படும் வட்டின் அளவைப் பாருங்கள்: நீங்கள் ஒதுக்கிய 25 ஜி.பி. காட்டினால் தயங்காமல் மேலே செல்லலாம். உள்ளிருந்து விண்டோஸ் கோப்புகளைத் தொடுவதற்கு எளிய வழி, நீங்களே ஒரு பகிர்வுக் கோப்புறையை அமைத்துக் கொடுப்பதுதான். ஆகவே கணக்குக் கோப்புகள் இருக்கும் இடத்தை ஒருபோதும் பகிராதீர்கள். அவசியம் ஏற்பட்டால் அதற்கெனத் தனியாக ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கிப் பகிருங்கள்.

இனி ஆமை. செயலியின் மெய்நிகராக்க வசதியை விண்டோஸே தன்னுடைய சொந்த மெய்நிகராக்க ஏற்பாடான ஹைப்பர்-வி அடுக்குக்காகப் பிடித்து வைத்திருக்கும்போது, விர்ச்சுவல்பாக்ஸ் அந்த வசதியை நேரடியாகப் பெற முடியாமல், விண்டோஸ் வழியாகக் கேட்டுப் பெற்று வேலை செய்கிறது. அந்த நிலையின் அடையாளம்தான் பச்சை ஆமை. டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் மெய்நிகராக்கம் இயக்கத்தில் இருப்பதாகக் காட்டினால், பயோஸில் (கணினி துவங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பில்) நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சிக்கல் விண்டோஸின் பக்கம் இருக்கிறது. விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றின் குறிகளை நீக்குங்கள். பிறகு விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியில் கோர் ஐசொலேஷன் என்பதன் கீழ் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் ஆமை போய்விடும்.

இன்னொன்று: விர்ச்சுவல்பாக்ஸ் 7 முதல், ஐ.எஸ்.ஓ. கோப்பைக் கொடுத்தவுடன் அது தானாகவே நிறுவலை முடித்துக்கொடுக்க முன்வருகிறது. கற்றுக்கொள்பவர் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அப்படி நிறுவினால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதுவே வைத்துவிடுவதோடு, அந்தப் பயனருக்கு நிர்வாக உரிமையும் இல்லாமல் போய், நிர்வாகியாகச் செயல்பட உதவும் சூடோ கட்டளை வேலை செய்யவில்லை என்று பலர் திகைக்கிறார்கள். தானியங்கி நிறுவலைத் தவிர்க்கும் தெரிவு அதே பக்கத்தில் இருக்கிறது.

மறுமொழி: பட்டறை ஆசிரியர், உதகமண்டலம்

குன்னூர் நண்பர் வட்டைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தீங்கான இயக்கிகள் விண்டோஸின் கருவுக்குள் நுழையாமல் தடுக்கும் காவல் அது. வீட்டில் பழகுவதற்காக வைத்திருக்கும் கணினியில் அணைத்தால் எனக்குக் கவலையில்லை. நூற்றுக்கணக்கான விவசாயிகளின் பட்டுவாடாக் கணக்கு இருக்கும் கணினியில், மாலை நேரப் படிப்புக்காக அதை அணைப்பது முதலாளி விதித்த நிபந்தனைக்குப் புறம்பானது.

தூள்கணக்கர் அவர்களே, உங்களுடையது விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா என்று அமைப்புகளில் பாருங்கள். புரோ என்றால் விர்ச்சுவல்பாக்ஸே தேவையில்லை. ஹைப்பர்-வி மேலாளர் அதில் உள்ளடங்கியது. விண்டோஸ் அம்சங்களில் குறியிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும். அந்த அடுக்கை நேரடியாகப் பயன்படுத்துவதால் காவலும் நீங்காது, லினக்ஸும் தடங்கலின்றி ஓடும். ஜெனரேஷன் 2 வகையில் இயந்திரத்தை உருவாக்கினால், பாதுகாப்புத் துவக்கம் என்ற பகுதியில் வார்ப்புரு முதலில் விண்டோஸுக்கு உரியதாக இருக்கும். அதை மைக்ரோசாஃப்ட் யூ.இ.எஃப்.ஐ. சான்றிதழ் ஆணையம் என்பதற்கு மாற்றாவிட்டால் உபுண்டுவின் ஐ.எஸ்.ஓ. துவங்காது. தானியங்கிச் சோதனைப்புள்ளி என்ற வசதியையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் இயந்திரத்தைத் தொடங்கும்போது ஒரு நிலைப்பதிவு எடுக்கப்பட்டு வட்டில் இடம் கரையும்.

ஹோம் பதிப்பு என்றால், ஆமையோடே வாழ்ந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உபுண்டுவின் கனமான திரைக்குப் பதிலாக இலகுவான லினக்ஸ் வகைகளான லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை வைத்து, இரண்டு செயலிக் கருக்களை ஒதுக்கினால் பழகுவதற்குத் தாங்கும். 8 ஜி.பி. ராமில் 3 முதல் 4 ஜி.பி. வரை உள்ளே கொடுக்கலாம். அந்த நேரத்தில் கணக்கு மென்பொருள் மூடியிருக்கட்டும். வேறு எந்தக் காரணத்துக்காவது பயோஸைத் தொட நேர்ந்தால், அதற்கு முன் வட்டுக் குறியாக்கத்தின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில கணினிகளில் பயோஸ் மாற்றத்துக்குப் பிறகு அந்தச் சாவியைக் கேட்காமல் விண்டோஸ் திறப்பதில்லை.

தூள்கணக்கர், கோத்தகிரி

இருவருக்கும் மிக்க நன்றி. அலுவலகத்துக்காக வாங்கியது என்பதால் புரோ பதிப்பாகவே இருந்தது. ஆசிரியர் ஐயா சொன்னபடி ஹைப்பர்-வி மேலாளரில் வார்ப்புருவை மாற்றியதும் உபுண்டுவின் நிறுவல் திரை உடனே வந்தது. வட்டின் அளவு 25 ஜி.பி. என்று காட்டியதால் அச்சமும் தீர்ந்தது. இனி எஞ்சியிருப்பவை இரண்டு. உள்ளே இருக்கும் லினக்ஸ் எனக்குத் தெரியாமல் கைபேசி டேட்டாவைத் தின்றுவிடாமல் எப்படிக் காப்பது? விண்டோஸில் நான் வைத்திருக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உள்ளே வேலை செய்யாதது ஏன்?

மறுமொழி: குறிஞ்சிமேடு, கொடைக்கானல்

எங்கள் மலையிலும் இணைப்பு இதே நிலையில்தான் இருக்கிறது என்பதால் டேட்டாவைப் பற்றி நான் சொல்லலாம். கைபேசி ஹாட்ஸ்பாட்டை விண்டோஸில் அளவிடப்படும் இணைப்பு என்று குறித்திருந்தாலும், அந்தச் செய்தி மெய்நிகர் இயந்திரத்துக்குள் போய்ச் சேராது. உள்ளே இருக்கும் உபுண்டுவுக்குத் தெரிவதெல்லாம் ஒரு கம்பி இணைப்பு மட்டுமே; அதனால் தாராளமாகப் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கிவிடும். உள்ளேயே அமைப்புகளுக்குச் சென்று, பிணையப் பகுதியில் அந்த இணைப்பை அளவிடப்படுவது என்று ஒரு முறை குறித்துவிடுங்கள். உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அதை மதித்து ஒதுங்கிக்கொள்ளும். நிறுவும் வேளையிலேயே சேமிக்க வேண்டுமென்றால், இயந்திரத்தின் பிணைய அட்டையை எந்த இணைப்பிலும் சேர்க்காமல் விட்டு, நிறுவி முடித்த பிறகு சேர்க்கலாம். ஐ.எஸ்.ஓ. கோப்பில் இருப்பதை வைத்தே உபுண்டு முழுமையாக நிறுவிக்கொள்ளும்.

பின்னாளில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையைப் பழக நினைத்தால், அளவில் சிறியது என்று நெட்-இன்ஸ்ட் கோப்பை எடுத்துவிடாதீர்கள். அது நிறுவும்போதுதான் மீதியை இணையத்திலிருந்து இழுக்கிறது. பாதியில் இணைப்பு அறுந்தால் நிறுவலும் அந்தரத்தில் நிற்கும். முதல் டி.வி.டி.யின் கோப்பு பல மடங்கு பெரியதானாலும் அதில் திரைச்சூழலும் அடங்கியிருப்பதால் நமக்கு அதுவே ஏற்றது. டெபியன், உபுண்டு இரண்டுமே தங்கள் தளங்களில் டோரன்ட் (பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) கோப்புகளை முறையாகவே வெளியிடுகின்றன. டோரன்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தே ஏற்கும் என்பதால் மழைக்கால இணைப்புக்கு அதைவிடப் பொருத்தமான வழி இல்லை. உலாவி வழியாக இறக்கினால் மட்டும் கோப்பு பழுதின்றி வந்ததா என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்புத் தொகையை, தளத்தில் உள்ளதோடு ஒப்பிட மறக்காதீர்கள். நண்பரிடமிருந்து பென் டிரைவில் வாங்கி வருவதாக இருந்தால், அது ஃபேட்-32 வடிவில் இருக்கக் கூடாது. 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பு அதில் ஏறாது, உபுண்டு 24.04இன் கோப்போ அதைத் தாண்டியது. எக்ஸ்-ஃபேட் வடிவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தட்டச்சைப் பொறுத்தவரை, மெய்நிகர் இயந்திரத்துக்குள் போவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியீடு மட்டுமே. அது எந்த எழுத்து என்பதை உள்ளே இருக்கும் இயங்குதளம் முடிவு செய்கிறது. எனவே உங்கள் விண்டோஸ் மென்பொருளுக்கு அங்கே இடமில்லை. உபுண்டுவில் தட்டச்சு உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ் அமைப்புக்கான எம்17என் தொகுப்பை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால், உள்ளீட்டு மூலங்களின் பட்டியலில் தமிழின் கீழ் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.