எப்காட், காஸ்மிக் ரிவைண்ட்: காலை 7 மணிக்கு வரிசை எண் கிடைக்கவில்லை, வெள்ளிக்கிழமைக்கு எப்படித் திட்டமிடுவது?

டாலஸ்காரன் (அக்டோபர் 2023, செவ்வாய் இரவு)

அனைவருக்கும் வணக்கம். டாலஸிலிருந்து குடும்பத்தோடு ஆர்லாண்டோ வந்திருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகன், 4 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் என ஆறு பேர். டிஸ்னிக்கு வெளியே உள்ள ஒரு விடுதியில் தங்கியிருக்கிறோம். மகன் ஒரு வருடமாகக் காத்திருப்பது டிஸ்னியின் எப்காட் பூங்காவில் உள்ள 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி: காஸ்மிக் ரிவைண்ட்' என்ற ஒரே ஒரு சவாரிக்காகத்தான். அதற்கு நேரே சென்று நிற்கும் வரிசை கிடையாது, செயலியில் வர்ச்சுவல் க்யூவில், அதாவது நேரில் நிற்காமல் இடம்பிடிக்கும் வரிசையில் சேர்ந்து, எப்போது அழைப்பார்கள் என்பதைக் காட்டும் போர்டிங் குரூப் எண் வாங்க வேண்டும் என்பதை அறிந்தே வந்தோம்.

இன்று காலை சரியாக 7 மணிக்கு 'சேர்' என்ற பொத்தானை அழுத்தினேன். அடுத்த திரையில் குழுவினரை உறுதிசெய்யச் சொன்னது. அதில் மாமனார், மாமியார் இருவரின் பெயருக்கும் எதிரே தகுதியில்லை என்று வந்தது. ஏன் என்று புரியாமல் நுழைவுச்சீட்டுப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தபோது, அவர்களுக்குச் சீட்டு இருந்தும் இன்றைய தேதிக்கு எப்காட் முன்பதிவு செய்யப்படாமல் இருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லா எண்களும் தீர்ந்துவிட்டன. மதியம் 1 மணிக்கு மறுவாய்ப்பு உண்டு என்று தெரிந்திருந்தும், மாமியாருக்கு முழங்கால் வலி அதிகமாகி நண்பகலிலேயே விடுதிக்குத் திரும்பிவிட்டதால் அதையும் பயன்படுத்த முடியவில்லை. மகன் அழவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் எப்காட் செல்கிறோம். இரவே என்னென்ன செய்து வைக்க வேண்டும், எண் கிடைத்தால் அந்த நாளை எப்படி அமைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன். மகளின் உயரம் 39 அங்குலம். அம்மாவை விட்டு யாரிடமும் இருக்க மாட்டாள்.

ஆர்லாண்டோவாசி

வணக்கம் ஐயா. நான் இந்த ஊரிலேயே வசிப்பவன். இந்தச் சவாரி 2022 மே மாத இறுதியில் திறந்ததிலிருந்து பலமுறை இந்த 7 மணிச் சடங்கைச் செய்திருக்கிறேன். நீங்கள் தாமதமாக அழுத்தவில்லை. குழுவை உறுதிசெய்யும் வேலையை 7 மணிக்குப் பிறகு செய்ய நேர்ந்ததே எண் போனதற்குக் காரணம்.

முதலில் ஒரு கேள்வி. மாமனாரும் மாமியாரும் இதில் ஏறப் போகிறார்களா? இல்லையென்றால் அவர்களைக் குழுவில் சேர்க்கவே தேவையில்லை. ஏறப் போகிறவர்களுக்கு மட்டும்தான் எண் வேண்டும். குடும்பம் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து எல்லாருடைய பெயரையும் சேர்ப்பதால்தான் பலர் அந்த முதல் நிமிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் மகளும் இந்த முறை ஏற முடியாது; குறைந்தபட்ச உயரம் 42 அங்குலம், அதாவது 107 சென்டிமீட்டர்.

வியாழன் இரவே செயலியைத் திறந்து, உங்கள் மூவரின் சீட்டும் வெள்ளிக்கிழமைக்கான எப்காட் முன்பதிவும் ஒரே கணக்கின் கீழ் தெரிகின்றனவா என்று பாருங்கள். காலை 6:45-க்குச் செயலியிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே செல்லுங்கள். 7 மணிக்குக் கடவுச்சொல் கேட்டு நின்றுவிட்டால் எல்லாம் வீணாகும். பிறகு வர்ச்சுவல் க்யூ பக்கத்துக்குப் போய்க் குழுவை முன்கூட்டியே உறுதிசெய்யும் வசதியைப் பயன்படுத்தி மூன்று பெயர்களையும் குறித்து வையுங்கள். விடுதியின் வைஃபையில் அந்த நேரத்தில் எத்தனையோ பேர் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள் என்பதால், நான் எப்போதும் தொலைபேசியின் சொந்த இணையத்தையே நம்புவேன். 7 மணி ஆன நொடியில் பக்கத்தைப் புதுப்பித்து, பொத்தான் உயிர்பெற்றவுடன் அழுத்த வேண்டும்; பிறகு எண் வரும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

மனைவியின் தொலைபேசியிலும் அதே வேளையில் முயலச் சொல்லுங்கள். ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் மூவருக்கும் கிடைத்ததாகவே பொருள். மற்றவருக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள் என்ற செய்தி வரும், அதைப் பிழை என்று எண்ணி எதையும் ரத்து செய்துவிடாதீர்கள். காலை 7 மணி முயற்சிக்குப் பூங்காவுக்குள் இருக்க வேண்டியதில்லை என்பதால், உங்கள் கணக்கில் உள்நுழையக்கூடிய நெருங்கிய உறவினர் எங்கிருந்தும் உதவலாம். அவர் டாலஸில் இருந்தால் அங்கே அப்போது காலை 6 மணி என்பதை மட்டும் நினைவூட்டுங்கள்.

வைகைக்கரை

தம்பி, நானும் வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு எப்காட் போய் வந்தவள். எண் வாங்கும் வழியை மேலே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எண் கிடைத்த பிறகு பெரியவர்களோடு அந்த நாளை எப்படி நகர்த்துவது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் தவறியது அங்கேதான்.

உங்கள் குழுவை அழைத்ததும் வந்துசேர ஒரு மணி நேர அவகாசம் தருவார்கள். கேட்பதற்கு அது நிறையவே தோன்றும். ஆனால் எப்காட் மிகப் பரந்த இடம். பின்பக்கத்தில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கும் பாதை மட்டுமே ஏறத்தாழ 1.2 மைல். காஸ்மிக் ரிவைண்ட் இருப்பதோ முன்பக்கத்தில், மிஷன் ஸ்பேஸ் சவாரிக்கு அருகில். எங்கள் எண் அழைக்கப்பட்டபோது நாங்கள் ஏரியின் எதிர்க்கரையில் அமெரிக்க அரங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அதுதான் முன்வாசலிலிருந்து மிகத் தொலைவான இடம். மூட்டுவலியோடு இருந்த அம்மாவை நடத்தி அழைத்து வரும்போது, அவருடைய வலியைவிடக் கடிகாரத்தையே நான் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

ஆகவே எண் அழைக்கப்படும்வரை முன்பாதியை விட்டு நகராதீர்கள். அங்கே பெரியவர்களுக்கு ஏற்றவை போதுமான அளவு இருக்கின்றன. அந்தப் பெரிய வெள்ளை உருண்டைக்குள் செல்லும் ஸ்பேஸ்ஷிப் எர்த், மனிதர்கள் செய்தி பரிமாறிக்கொண்ட வரலாற்றை மெதுவாகச் சுற்றிக் காட்டும். லிவிங் வித் த லேண்ட் படகுச் சவாரி ஏறத்தாழ 14 நிமிடம். மண்ணில்லாமல் வளர்க்கும் காய்கறிகளையும், மீன் வளர்ப்பையும், உண்மையான பசுமைக்குடில்களுக்குள் படகிலேயே சென்று பார்க்கலாம். விவசாயம் தெரிந்த என் அப்பா அதில் இரண்டு முறை ஏறினார். கடல்வாழ் உயிரினங்களின் பெரிய தொட்டி இருக்கும் அரங்கில் குளிர்ச்சியாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். உங்கள் மகளுக்கும் பிடிக்கும்.

நாடுகளின் அரங்குகள் பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், காலையில் முன்பாதியிலேயே இருப்பதால் இழப்பு ஏதுமில்லை. மாமியாருக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ஒரு மணி நேரம் கழித்து நன்றி சொல்வார்கள்.

நெடும்பயணி

இவ்வளவு பதற்றம் எதற்கு என்பது என் கருத்து. இந்தச் சவாரிக்குத் தனியாகப் பணம் கட்டி லைட்னிங் லேன், அதாவது காத்திருப்பைக் குறைக்கும் விரைவுப் பாதை வாங்கிக்கொள்ளலாம். பல சவாரிகளின் விரைவுப் பாதைக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டும் ஜீனி பிளஸ் திட்டத்தில் இது சேராது. தனியாகத்தான் வாங்க வேண்டும். டாலஸிலிருந்து ஆறு பேர் பறந்து வந்த செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அல்ல.

ஆர்லாண்டோவாசி

அந்த வழியும் நல்லதுதான், நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்னி விடுதிகளில் தங்குபவர்கள் அதைக் காலை 7 மணிக்கே வாங்கலாம்; வெளியில் தங்கியிருக்கும் இவர் பூங்கா திறக்கும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். கூட்டமான நாளில் அதற்குள் நல்ல நேரங்கள் போய்விடும், சில நாள்களில் முழுவதுமே விற்றுத் தீர்ந்துவிடும். விலையும் தேதிக்குத் தேதி மாறும்.

எனவே ஐயா, 7 மணிக்கு முயலுங்கள். கிடைக்காவிட்டால், பூங்கா திறந்தவுடன் லைட்னிங் லேன் மூவருக்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் மதியம் 1 மணி வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு எப்காட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும், விடுதியிலிருந்து முடியாது. மாமியாருக்கு ஓய்வு தேவைப்பட்டால் 1 மணிக்குப் பிறகு ஒருவர் அவரை அழைத்துச் செல்லும்படி நாளை அமையுங்கள். காலையிலேயே எண் கிடைத்துவிட்டால், வழக்கமான நேரத்தில் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் சேர முடியும் என்பதால், மதியத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மகள் அம்மாவை விடமாட்டாள் என்றீர்கள் அல்லவா, அதற்கு ரைடர் ஸ்விட்ச் உண்டு. அழைப்பு வந்ததும் மகளையும் அழைத்துக்கொண்டு நால்வரும் சவாரியின் வாசலுக்குச் சென்று அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். முதலில் நீங்களும் மகனும் ஏறலாம். நீங்கள் திரும்பியதும் மனைவி மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். அவரோடு மகன் இரண்டாம் முறை ஏறவும் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். நீங்கள், மனைவி இருவர் பெயரும் வரிசைக் குழுவில் இருக்கட்டும்.

இன்னொன்று: எண் அழைக்கப்பட்டதும் நேராகப் பெட்டியில் ஏறிவிடலாம் என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். உள்ளேயும் ஒரு வரிசை இருக்கிறது.

டாலஸ்காரன் (புதன்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியார் ஏறப் போவதில்லை. மாமனாருக்கு 66 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். ஆனால் பேரனோடு ஏற மிகவும் ஆசைப்படுகிறார். எப்படியிருக்கும் என்று சொல்ல முடியுமா?

வைகைக்கரை

வேண்டாம் தம்பி. உயர் இரத்த அழுத்தம், இதயம், முதுகு, கழுத்துத் தொந்தரவு உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று வாசலிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். இருட்டுக்குள், பின்னோக்கி ஒரே உந்தில் தொடங்கும் ரோலர் கோஸ்டர் இது. பெட்டியும் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போகும். ஆரோக்கியமானவர்களுக்கே சில வேளை தலை சுற்றுகிறது. உணவு விழா நடக்கும் பருவம் இது, வழியெங்கும் கடைகள் இருக்கும்; ஏறுவதற்கு முன் பையனுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிடாதீர்கள். தாத்தாவும் பேரனும் சேர்ந்து செல்வதற்கு அந்தப் படகுச் சவாரியை வைத்துக்கொள்ளுங்கள்.

டாலஸ்காரன் (சனி)

நேற்று நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மூன்று பெயர்களை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்து வைத்திருந்தோம். எனக்குப் பக்கம் சுழன்றுகொண்டே நின்றது. மனைவியின் தொலைபேசியில் 64 என்ற எண் வந்தது. அதைப் பார்த்து மகன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடி வந்ததை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை.

பத்தரை மணிக்குள் அழைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஆனால் நடுவில் சவாரி சிறிது நேரம் நிறுத்தப்பட்டதால், எண்கள் நகராமல் நின்றன. நாங்கள் படகுச் சவாரியிலேயே இருந்தோம். வேளாண் துறையில் 31 ஆண்டுகள் பணிசெய்த மாமனார், தொங்கும் கொடிகளில் காய்த்திருந்த பூசணிகளைப் பேரனுக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தார். நண்பகலுக்குச் சற்று முன் அழைப்பு வந்தபோது பத்து நிமிட நடையில் வாசலை அடைந்தோம். உள்ளே ஏறத்தாழ முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ரைடர் ஸ்விட்ச் நீங்கள் சொன்னபடியே கிடைத்தது; மகன் என்னோடு ஒருமுறையும் அம்மாவோடு ஒருமுறையும் ஏறினான். இரண்டாம் முறை வேறு பாட்டு ஒலித்தது என்பதுதான் இரவு முழுவதும் பேச்சு. மாமியார் சக்கர நாற்காலியில் ஜப்பான் அரங்குவரை வந்தார்.

ஆர்லாண்டோவாசி (2025)

இந்த இழையைப் பார்த்து இப்போதும் சிலர் தனிச்செய்தியில் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். 2025 பிப்ரவரி இறுதியிலிருந்து காஸ்மிக் ரிவைண்டுக்கு வர்ச்சுவல் க்யூ எடுக்கப்பட்டு, நேரே சென்று நிற்கும் சாதாரண வரிசை வந்துவிட்டது. ஜீனி பிளஸ் என்ற பெயரும் 2024 ஜூலையிலேயே மாறிவிட்டது. எனவே 7 மணி வேலைகளைப் பற்றி மேலே சொன்னவை இந்தச் சவாரிக்கு இனி வேண்டியதில்லை. உயரக் கட்டுப்பாடு, ரைடர் ஸ்விட்ச், உடல்நல எச்சரிக்கை ஆகியவை அப்படியே இருக்கின்றன. பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் வைகைக்கரை அம்மா எழுதியதை அவசியம் படியுங்கள்.