செக் பண்ணின பெற்றோல எங்க ஊத்துற?

கேள்வி: நான் செஸ்னா 152 எண்ட சின்ன ப்ளேன் ஓட்டப் பழகுறன், போன கிழமை மட்டக்களப்பு எயார்போர்ட்டுக்கு வந்து நிண்டம், காலம பறக்க முந்தி, தண்ணி தூசி இரிக்கா எண்டு பாக்க டேங்குக்கு அடியால கப்புல எடுத்த பெற்றோல, பழக்குற சேர் அப்புடியே தரையில வீசிட்டார், பக்கத்திலயே வாவி, மனசு கேக்கல்ல. நீங்க என்ன செய்யிற?

பதில் 1: வீசாதீங்க தம்பி. 100எல்எல் எண்ட ப்ளேன் பெற்றோல்ல ஈயம் இரிக்கி. நீல நிறமா, தண்ணி தூசி இல்லாம இருந்தா ஃபில்டர் வெச்ச கப்பால திரும்ப டேங்குக்கே ஊத்தலாம். சந்தேகமெண்டா மூடியுள்ள கேனுக்குள்ள, அவ்வளவுதான்.

பதில் 2: ஓம், ஆனா ஒண்டு, தண்ணி அடியில முத்துமாதிரி நிக்கும் எண்டுதான் எல்லாரும் பாக்குற, கப் முழுக்கத் தண்ணியா வந்தா தண்ணியையும் பெற்றோலையும் பிரிக்கிற கோடே தெரியாது, நிறத்தையும் மணத்தையும் பாருங்க. எனக்கு மாரி மழைக்குள்ள ஒருக்கா அப்புடி வந்திச்சு.

கேள்வி கேட்டவர்: சரிண்ணன், கேன் ஒண்டு வாங்குறன். சேருக்கு ஆர் சொல்லுற?