விசா முடிய 12 நாள்கள்தான் இருக்கின்றன, டெர்மின் (அலுவலகச் சந்திப்பு நேரம்) கிடைக்கவில்லை: என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வேலைக்காக நான் ஜெர்மனிக்கு வந்து ஐந்தரை மாதங்கள் ஆகின்றன. கடவுச்சீட்டில் ஒட்டிக் கொடுத்த விசா இம்மாதம் 28ஆம் தேதியோடு முடிகிறது, இன்று 16. வெளிநாட்டவர் அலுவலகத்தின் இணையதளத்தில் மூன்று வாரமாகக் காலையும் இரவும் பார்க்கிறேன், ஒரு டெர்மின்கூடக் காட்டவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. விசா முடிந்துவிட்டால் 29ஆம் தேதி முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை. டெர்மின் விரைவாகக் கிடைக்க ஏதாவது வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி 1

சகோதரி, இணையத்தை நம்பிக் காத்திருக்காமல் நேரில் போய் நில்லுங்கள். நான் 2016இல் படிக்க வந்தபோது ஜனவரிக் குளிரில் விடியற்காலை நான்கரை மணிக்கே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள், கதவு திறந்து என் முறை வருவதற்குள் அன்றைக்கு உரிய எண்கள் தீர்ந்துவிட்டன. மறுநாள் மூன்று மணிக்கே போய்த்தான் உள்ளே நுழைய முடிந்தது. அப்படியும் புகைப்படத்தின் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் இரண்டு புகைப்படங்களை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது அந்தக் காலத்து நடைமுறை. இப்போது பல ஊர்களில் டெர்மின் இல்லாமல் போனால் வாசலில் நிற்கும் காவலரே திருப்பி அனுப்பிவிடுவார். காகிதப் புகைப்படமும் 2025 மே மாதத்திலிருந்து வழக்கொழிந்துவிட்டது. அலுவலகத்தில் இருக்கும் கருவியிலோ அங்கீகாரம் பெற்ற புகைப்பட நிலையத்திலோ டிஜிட்டலாகத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள், தானியங்கிப் பதிலும் வந்திருக்கிறது, அதுவே போதும். கவலைப்படாமல் தூங்குங்கள்.

மறுமொழி 3

பிள்ளை, நான் 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவன். என்னிடம் இருந்தது கடவுச்சீட்டு அல்ல, மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன ஒரு தாள். பதிவு செய்த மாவட்ட எல்லையை அனுமதியில்லாமல் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த மாவட்டத்தில் இருந்த என் சொந்த அண்ணனைப் பார்ப்பதற்கும் மனுக் கொடுத்துக் காத்திருந்தேன். அந்தத் தாளை அவ்வப்போது புதுப்பிக்கப் போகும்போதெல்லாம், இந்த முறை முத்திரை குத்துவார்களா அல்லது விமானம் ஏற்றிவிடுவார்களா என்று வயிறு கலங்கும். உங்களுக்கு வேலை இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பயப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

மறுமொழி 4

வரி கட்டுவதில் ஒரு நாள் தாமதித்தால் நமக்குக் கடிதம் வருகிறது, ஆனால் நாம் அனுப்பும் கடிதத்திற்கு நான்கு மாதமானாலும் பதில் இல்லை. வந்த புதிதில் வீட்டு முகவரியைப் பதிவு செய்த கையோடு, வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. என்னிடம் தொலைக்காட்சியே கிடையாது. அந்தக் கடிதத்துக்கு இருந்த வேகம் என் வசிப்பிட அனுமதி அட்டைக்கு இருக்கவில்லை.

மறுமொழி 5

பேச்சு வேறு பக்கம் போகிறது. தங்கைக்கு 12 நாள்களே இருக்கின்றன. சில விவரங்கள் தெரியாமல் சரியான பதில் சொல்ல முடியாது. விசாவின் வகை டி (நீண்ட காலம் தங்க) என்று இருக்கிறதா, சி (குறுகிய காலம் தங்க) என்று இருக்கிறதா? நீங்கள் முகவரி பதிந்திருக்கும் ஊரும் இப்போது வசிக்கும் ஊரும் ஒன்றுதானா? கடவுச்சீட்டு எப்போது முடிகிறது? நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் டெர்மின் கேட்டீர்களா, அல்லது வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்கிறேன் என்று எழுதினீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

கேட்டவர்

அக்கா, விசா டி வகை. கடவுச்சீட்டு இன்னும் ஆறு ஆண்டுகளுக்குச் செல்லும். மின்னஞ்சலில் டெர்மின் வேண்டும் என்று மட்டும்தான் எழுதினேன். முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. முதல் மூன்று மாதங்கள் நிறுவனம் கொடுத்த அறையில் வேறோர் ஊரில் இருந்தேன், அங்கேதான் ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்திருக்கிறேன். இங்கு வந்த பின் மாற்றவில்லை. நான் இருப்பது உள்வாடகை அறை, வீட்டின் வாடகைதாரர் முகவரிக்கான உறுதிக் கடிதம் தர மறுக்கிறார். மின்னஞ்சலையும் பழைய ஊர் அலுவலகத்துக்குத்தான் அனுப்பினேன். அடுத்த மாதம் 9ஆம் தேதி தம்பியின் திருமணத்துக்காகச் சென்னை போகப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டேன்.

மறுமொழி 1

அப்படியானால் ஊரில் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் முகவரியில் பதிந்துவிடுங்கள். நாங்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சமாளித்தோம்.

மறுமொழி 5

அண்ணா, உங்கள் நல்ல எண்ணம் புரிகிறது, ஆனால் இதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். குடியிருக்காத முகவரியைப் பதிவதற்காகக் கடிதம் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. உதவி செய்ய வந்த குடும்பத்தை நாம் மாட்டிவிடக் கூடாது.

தங்கையே, நீங்கள் டெர்மினைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், உங்களைக் காப்பாற்றப்போவதோ விண்ணப்பம். வசிப்பிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவின்படி, கையில் இருக்கும் அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கோ வேறு அனுமதிக்கோ விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும் வரை பழைய அனுமதி, வேலை செய்யும் உரிமை உள்பட, தொடர்வதாகக் கருதப்படும். சுற்றுலாவுக்குக் கொடுக்கும் சி வகை விசாவுக்கு இந்தச் சலுகை இல்லை, உங்கள் டி விசாவுக்கு உண்டு. டெர்மின் 28க்குப் பிறகு கிடைத்தாலும் பரவாயில்லை, ஆனால் விண்ணப்பம் 28க்குள் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வேண்டும். டெர்மின் கேட்ட மின்னஞ்சலை விண்ணப்பமாக ஏற்பார்களா என்பதை அதிகாரியின் மனப்போக்குக்கு விட்டுவிடாதீர்கள்.

ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள், படிவம் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், விசா முடியும் தேதி, எந்த நாளிலிருந்து எந்த முகவரியில் வசிக்கிறீர்கள் என்பது, 18 ஜி பிரிவின் கீழ் புளூ கார்டு (உயர்கல்வித் தகுதி பெற்ற பணியாளர்களுக்கான வசிப்பிட அனுமதி) கேட்டு விண்ணப்பிக்கிறேன் என்ற தெளிவான ஒரு வரி, கையெழுத்து. உங்களுடையது புளூ கார்டு இல்லையென்றால், விசாவின் குறிப்புப் பகுதியில் அச்சாகியிருக்கும் பிரிவு எண்ணை அப்படியே எழுதுங்கள். வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், மருத்துவக் காப்பீட்டுச் சான்று, கடவுச்சீட்டின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். இப்போது வசிக்கும் ஊரின் அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பழைய ஊர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி, ஊர் மாறியதைத் தெரிவியுங்கள். கடிதத்திலேயே ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்னும் இடைக்காலச் சான்றையும் கேளுங்கள், அதற்குக் கட்டணம் 13 யூரோ. உரிமை சட்டத்தால் தானாகவே வந்துவிடுகிறது, ஆனால் முதலாளிக்கும் விமான நிலையத்துக்கும் காட்டத் தாள் வேண்டும்.

அந்தச் சான்று கைக்கு வந்ததும் எந்தக் கட்டத்தில் குறி இட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று கட்டங்கள் இருக்கும், நான்காம் உட்பிரிவைச் சொல்லும் மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால்தான் வெளியே போய்த் திரும்பி வரலாம். சான்று கையில் இல்லாமல் திருமணத்துக்குப் புறப்படாதீர்கள். இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, என் தங்கையின் வளைகாப்பை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன்.

மறுமொழி 2

நான் மின்னஞ்சலே போதும் என்று எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். முகவரி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், தாமதித்தால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்க முடியும். உள்வாடகையில் இருப்பவருக்கு வீட்டு உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்லை, அறையைக் கொடுத்த வாடகைதாரரே போடலாம், போடுவது அவருடைய கடமையும்கூட. மறுத்தால் அவருக்கும் அபராதம் உண்டு. இதைச் சண்டையாக இல்லாமல் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. அப்படியும் மறுத்தால், மறுத்த செய்தியைப் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் உடனே தெரிவிப்பது உங்கள் கடமை. சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்னபடியே கடிதம் எழுதி இரண்டு ஊர்களுக்கும் அனுப்பிவிட்டேன், பதிவுத் தபாலின் சீட்டைக் கடவுச்சீட்டுக்குள் வைத்திருக்கிறேன். மனிதவளத் துறையில் 81ஆம் பிரிவைக் காட்டினேன், விண்ணப்பத்தின் நகலும் சேர்ந்ததற்கான சான்றும் கொடுத்தால் வேலையைத் தொடரலாம் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். வாடகைதாரர் நேற்று இரவு உறுதிக் கடிதத்தில் கையெழுத்திட்டார். உரிமையாளரிடம் போய்ச் சொல்லிவிடுவேனோ என்றுதான் இத்தனை நாள் பயந்தாராம். முகவரி பதிய வியாழக்கிழமை 8.40க்கு டெர்மின். திருமணப் பயணம் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை, அம்மாவிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மறுமொழி 3

நல்லது பிள்ளை. ஒன்றே ஒன்று. கதவுக்குக் கீழே இருக்கும் தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா? இங்கே முகவரி சரியாக இருந்தாலும் பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிவிடுவார். என் மருமகளுக்கு 11 இலக்க வரி எண் அப்படித்தான் போய்விட்டது, ஒரு மாதச் சம்பளத்தில், மிக அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வகுப்பு வரி பிடித்தார்கள். முதலெழுத்தோடு சுருக்கி எழுதாமல், கடவுச்சீட்டில் இருப்பதுபோல் அப்பாவின் பெயரோடு முழுதாக எழுதுங்கள்.

கேட்டவர்

இருக்கவில்லை ஐயா. இப்போதுதான் கீழே இறங்கிப் போய், வாடகைதாரரின் பெயருக்குக் கீழே என் பெயரையும் அப்பாவின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, மழையில் நனையாமல் இருக்க மேலே ஒட்டுநாடாவும் ஒட்டிவிட்டு வந்தேன்.