எச்.டி.டி.க்குத் தமிழில் 'வளைதுளை'

நண்பர்களுக்கு வணக்கம்.

எச்.டி.டி. (Horizontal Directional Drilling) என்பது சாலையை வெட்டாமல், நிலத்துக்கு அடியில் துளை போட்டுக் குழாயோ வடமோ பதிக்கும் முறை. அதற்கு இங்கே நண்பர்கள் முன்வைத்த 'கிடைமட்டத் திசைத் துளையிடல்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. நீளம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தத் துளை நடுப்பகுதியைத் தவிர கிடைமட்டமாகப் போவதே இல்லை.

சாலையோரம் எந்திரத்தை நிறுத்தி, துளையிடும் தண்டைத் தரையோடு சுமார் 8 முதல் 16 பாகை சாய்த்து உள்ளே விடுகிறோம். அது இறங்கி, வேண்டிய ஆழத்தில் தவழ்ந்து, பிறகு மூக்கைத் தூக்கி மறுபக்கம் மேலே வரும். துணி காயப்போடும் கொடி தொய்ந்திருக்குமே, அந்த வடிவம். இந்த வளைவுதான் தொழிலின் உயிர். முனையின் ஒரு பக்கம் சீவினாற்போல் சரிவாக இருக்கும். சுழற்றிக்கொண்டே தள்ளினால் நேராகப் போகும். சுழற்றாமல் தள்ளினால், சரிந்த முகத்தை மண் எதிர்த்து அழுத்த, முனை ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். அதற்குப் பின்னால் பொருத்திய அலைபரப்பி (டிரான்ஸ்மிட்டர்) ஆழத்தையும் சாய்வையும் சொல்லிக்கொண்டே இருக்க, மேலே ஒருவர் கருவியோடு நடந்து அதைப் படிப்பார்.

1971-இல் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் அருகே, பாஹரோ ஆற்றுக்கு அடியில் மார்ட்டின் செரிங்டன் 4 அங்குல எரிவாயுக் குழாயைக் கொண்டுபோனதிலிருந்து இந்த முறை தொடங்குகிறது. ஆற்றின் அடியில் போய் அக்கரையில் ஏற வேண்டுமென்றால் வளையாமல் முடியாது. ஆகவே பெயரிலும் வளைவு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் பரிந்துரை: வளைதுளை.

ஆழ்துளைக் கிணறு என்ற சொல் கிராமம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே இதை வைக்கலாம். ஆழ்துளை கீழே போவது, வளைதுளை வளைந்து போவது. சுடுகாடு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. வளைந்த, வளைகிற, வளையும் துளை என்று முக்காலமும் அடங்கும். இடையில் 'த்' போட வேண்டாம். போட்டால் எலிவளை, நண்டுவளை என்கிறோமே, அந்த வளையின் துளை என்றாகிவிடும். (அந்தப் பொருளும் ஓரத்தில் ஒலிக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.)

'பக்கத்துளை' என்றும் ஒரு யோசனை வந்தது. கொங்குப் பக்கம் கிணற்றுக்குள் இறங்கிப் பாறையில் போடும் சைடு போருக்கு அது நல்ல பெயர். இங்கே எடுத்துக்கொண்டால் இரண்டும் குழம்பும். 'ஊடுதுளை' அழகான சொல், ஆனால் வளையாமல் குத்திக்கொண்டு போகும் முறைக்கும் பொருந்திவிடும். அந்த முறைக்கு 'நேர்துளை' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, உடன்வரும் சொற்கள். முதலில் போடும் சிறிய துளை வழித்துளை. அதைப் பெரிதாக்குவது அகட்டல், கருவி அகட்டி. வழக்கமாகக் குழாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை அகட்டுகிறோம். பிறகு குழாயை முனையில் பூட்டி எந்திரத்தை நோக்கி இழுப்பது இழுப்பு, அவ்வளவுதான். பென்டோனைட் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து உள்ளே செலுத்துகிறோமே, அதற்குத் துளைக்குழம்பு. வெட்டிய மண்ணை வெளியே கொண்டுவருவதும், துளை இடியாமல் தாங்குவதும் அதுதான். அழுத்தம் மிஞ்சி அது சாலையைப் பிளந்து வெளியே வந்தால் 'குழம்புக் கசிவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கசிவு என்றால் ஆபத்து தெரியவில்லை. 'குழம்பு கக்கல்' என்று வைப்போம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. ஒரு தெருவில் புதைவடம் (நிலத்தடிக் கேபிள்) பதிக்கப் போயிருந்தோம். 'கிடைமட்டத் துளையிடும் பணி' என்று பலகை வைத்திருந்தோம். ஒரு அம்மா வந்து, "தெருவுல போர் போடுறீங்களா தம்பி, எங்களுக்கும் தண்ணி வருமா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும், "அப்படியா, எங்க வீட்டுச் சாக்கடைக் குழாய் இந்தப் பக்கமாத்தானே போகுது" என்று கையை நீட்டினார். எங்கள் வரைபடத்தில் அந்தக் குழாய் இல்லை. அன்றைக்குப் பாதையை மாற்றினோம்.

புதைவடமாவது பரவாயில்லை. எரிவாயுக் குழாய் இப்படித் தெரியாமல் கழிவுநீர்க் குழாயைக் குத்திக்கொண்டு போனால், பிறகு ஒருநாள் அடைப்பெடுக்கும் கருவி அந்த எரிவாயுக் குழாயை அறுத்துவிடும்; வாயு கழிவுநீர்க் குழாய் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். அமெரிக்காவில் அப்படி வீடுகள் வெடித்திருக்கின்றன. தெருவில் இருப்பவருக்கு வேலை என்னவென்று புரிந்தால்தான் அவருக்குத் தெரிந்தது நம்மிடம் வந்து சேரும்.

அடுத்த பலகைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

'இத்தெருவில் வளைதுளை மூலம் புதைவடம் பதிக்கிறோம். நிலத்துக்கு அடியில் வளைந்து போகும் துளை இது. இரு முனைகளில் மட்டும் குழி எடுப்போம், நடுவில் சாலையை வெட்ட மாட்டோம். உங்கள் வீட்டுக் குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று எங்களிடம் சொல்லுங்கள்.'

வெள்ளிக்கிழமை எழுதக் கொடுக்கிறேன். திருத்தம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.