ஊசித்துளைக் கேமராவுடன் போனபோது நடந்தவை: மனதை விட்டு அகலாத ஒரு சந்திப்பை எழுதுங்கள்

குடந்தைவாசி

பூக்காரப் பாட்டியைப் பற்றி எங்காவது எழுதியே ஆக வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். கேமரா செய்யும் முறை இங்கே எல்லோருக்கும் தெரியும். பால் பவுடர் டின், லென்ஸுக்குப் பதிலாக 0.45 மில்லிமீட்டர் துளை, அதை மூட ஒரு டேப், உள்ளே ஒளியை உணரும் பிரிண்ட் பேப்பர். துளையைத் திறந்து வைக்க வேண்டியது வெயிலில் அரை நிமிடம், நிழலில் நான்கு நிமிடத்துக்கு மேல்.

மகாமகக் குளக்கரை மண்டபம் ஒன்றின் நிழலில் டின்னை வைத்துவிட்டு நின்றிருந்தேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி, "என்ன தம்பி, டப்பாவுக்குக் காவலா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அப்படியானால் என்னை எடு" என்றார். நான்கு நிமிடம் அசையக்கூடாதே என்றேன். "நாள் முழுக்க இந்த இடத்தை விட்டு அசையாதவள்தானே நான்" என்றார்.

டேப்பை எடுத்தேன். முகம் துளியும் அசையவில்லை, பார்வைகூட ஓரிடத்தில் நின்றுவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை. இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரைச் சுற்றி ஒரு இழுப்பு. வியாபார நேரத்தில் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிண்டில் முகம் நன்றாக விழுந்திருந்தது. மூக்குத்தி ஒரு புள்ளியாக மின்னியது. மடியில், விரல்களும் பூவும் இருக்க வேண்டிய இடத்தில் வெண்புகை மட்டும். பாட்டி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "முகம் கிடக்கட்டும். என் கை எங்கே போயிற்று? வேலை செய்தது அதுதானே?" என்று கேட்டுப் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

கருப்புத்துணி

பதில் இருக்கிறது. பேப்பரை விட்டுவிட்டு எக்ஸ்ரே பிலிமுக்கு வாருங்கள். நான்கு நிமிடம் அரை நிமிடமாகக் குறையும். அரை நிமிடம் கையை நிறுத்துங்கள் என்றால் எந்தப் பாட்டியும் மறுக்கமாட்டார்.

என் அனுபவம் சின்னதுதான். மருத்துவப் பொருள்கள் விற்கும் கடையில் பிலிம் கேட்டேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன பையன் ஒருவன், "புதுச்சரக்கு அண்ணா, பாருங்கள்" என்று உறையைக் கிழித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு தாளை உருவி என் முன் நீட்டினான். நீலப்பச்சை நிறத்தில் அது பளபளத்தது. "தம்பி, மூடு!" என்று நான் கத்தியபோது அவன் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. பெட்டியை அப்படியே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் அவன் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

இனி எக்ஸ்ரே பிலிமுக்கு மாற நினைப்பவர்களுக்கு. பச்சை ஒளியை உணரும் வகை என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது ஒளியை உணரும் பூச்சு, பூசியிருப்பார்கள், டிரேயில் உரசினாலே கீறல் விழும். அடியில் ஒரு கண்ணாடித் தட்டைப் போடுங்கள், நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலை வழக்கத்தைவிட நீர்க்கக் கலக்குங்கள், இல்லாவிட்டால் கறுப்பும் வெளுப்பும் மட்டுமே மிஞ்சும், நடுச்சாயல்கள் கிடைக்காது. அடர்சிவப்பு விளக்கில் வெட்டலாம் என்பார்கள். நம்பிவிடாதீர்கள். ஒரு துண்டின்மேல் நாணயத்தை வைத்து, விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது. சாதாரணக் கறுப்புவெள்ளை பிலிம் போடுகிறவர்கள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். வெளிச்சம் குறைந்து நேரம் நீள நீள பிலிமின் உணர்திறன் மங்கும். எச்பி5 பிலிமுக்கு அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட் நிறுவனம் தந்திருக்கும் கணக்குப்படி, மீட்டர் ஒரு நிமிடம் காட்டினால் மூன்றரை நிமிடம் தர வேண்டும்.

நீலமலை

கருப்புத்துணி சொல்வதை நான் ஏற்கவில்லை. வேகம்தான் வேண்டுமென்றால் டின்னை எதற்காகச் சுமக்க வேண்டும்? கையை நிறுத்தச் சொல்லி எடுத்தால் அது பூக்கட்டாத பாட்டியின் படம். குடந்தைவாசி எடுத்ததுதான் பூக்கட்டும் பாட்டியின் படம்.

ஊட்டியில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து எனக்குப் பிரிக்காத 'இந்து' பேப்பர் கட்டு ஒன்று கிடைத்தது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலையில் செய்த சரக்கு. ஆலை இன்று இயங்கவில்லை. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். கட்டைப் பற்றிச் சொன்னதும், "நானும் வருகிறேன்" என்று என் குளியலறை இருட்டறைக்கே வந்துவிட்டார். சிவப்பு பல்பு அன்று எரியவில்லை. இருட்டில் எமல்ஷன் பக்கம் எது என்று நான் தடவிக்கொண்டிருந்தேன். பெரியவர் தாளை என் கையிலிருந்து வாங்கினார். உதடு ஈரத்தில் ஒட்டிப் பிரிகிற மெல்லிய சத்தம் கேட்டது. தாளின் ஓரத்தைக் கீழுதட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒட்டுகிற பக்கம்தான் எமல்ஷன். "இதுதான் பக்கம்" என்று என் கையில் சரியாகத் திருப்பிக் கொடுத்தார்.

பேப்பர் வயதாகிப் போயிருந்ததால் படம் முழுக்கச் சாம்பல் மூட்டமாக வந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. காயப்போட்ட தாளைத் திருப்பி, பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் எதை நினைத்தார் என்று கேட்டிருக்கலாம். இப்போது எதிர்ப்படும்போதெல்லாம் கேட்க நினைக்கிறேன், வாய் வருவதில்லை.

மொட்டைமாடி

நீங்கள் எல்லோரும் நிமிடக் கணக்கில் பேசுகிறீர்கள். நான் மாதக் கணக்குக்காரன். குளிர்பானக் கேன், துளை, உள்ளே பேப்பர். டிசம்பர் 22 அன்று சென்னையில் எங்கள் குடியிருப்பின் மாடியில் கட்டினேன், ஜூன் 21 அன்று அவிழ்க்க வேண்டும் என்பது திட்டம். நாள்தோறும் சூரியன் போகும் தடம் ஒரு கோடாக விழும். பேப்பரை டெவலப் செய்யக்கூடாது. வெயிலிலேயே கறுத்திருக்கும், அப்படியே ஸ்கேன் செய்ய வேண்டும்.

அவிழ்க்கப் போன அன்று காவலாளி அண்ணன் கூடவே மாடிக்கு வந்தார். "சார், மார்ச்சில் பெயின்ட் அடிக்க வந்தார்கள். டப்பாவைத் தூக்கிப் போடப் பார்த்தார்கள். நான்தான் கழற்றி, என் பெட்டிக்குள் துணியைச் சுற்றி வைத்திருந்து, வேலை முடிந்ததும் பழையபடி கட்டினேன். கழற்றும்போதே ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டேன்" என்றார். அந்தக் கேன் என்னவென்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. ஓட்டையை அடைக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "அந்த ஓட்டை வழியாகத்தானே சார் அது பார்க்கிறது?" என்றார்.

படத்தில் தண்ணீர்த் தொட்டி இரண்டு முறை விழுந்திருக்கிறது. மார்ச் வரையிலான கோடுகள் ஒரு சாய்வு, பிந்தியவை வேறு சாய்வு. நடுவில் இரண்டும் கோரைப்பாயின் பின்னலாக ஒன்றையொன்று வெட்டுகின்றன. பெரிய பிரிண்ட் போட்டு அவரிடம் கொடுத்தேன். சாய்வு மாறும் இடத்தைத் தொட்டு, "இது நான்" என்றார்.

ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டுக் கேனைத் தெற்குப் பார்த்துக் கட்டாதீர்கள், இதைப் பலரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நம் ஊரில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேலே போகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசியில் உச்சியைக் கடந்து வடக்கே போய் ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. டிசம்பரில்கூட நண்பகலில் 53 பாகை உயரத்துக்கு மேல் நிற்கும். கேனின் பார்வை அவ்வளவு உயரம் எட்டாது. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்துக் கட்டுங்கள். அவர்களுக்கு வில்லாக வளையும் கோடு நமக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக எழும். கேன் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் வானாய்வகத்தில் 2012இல் ஒரு மாணவி கட்டிய பீர் கேன் 2020இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதில் 2,953 சூரியத் தடங்கள் இருந்தன. அடிமூடியை மட்டும் இரண்டு சுற்று டேப்பால் இறுக்குங்கள், நம் மழைக்கு அது அவசியம்.

கொடைரோடு

என்னுடையது கேமரா இல்லாத அனுபவம். பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். எங்கள் பகுதியில் முழு வளையமாகத் தெரியும் என்று தெரிந்திருந்தும் அப்பத்தா யாரையும் வெளியே விடவில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, பாத்திரங்களில் தர்ப்பை போட்டு உட்கார வைத்துவிட்டார். கோபத்தில் நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே ஓட்டுக்கூரையில் எங்கோ ஒரு விரிசல். ஒன்பதரை மணியளவில் சாணம் மெழுகிய தரையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஒளி வளையம் கிடந்தது. உள்ளே கறுப்பு, சுற்றிலும் வெளிச்சம். மெதுவாகக் குடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

அப்பத்தாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். குனிந்து, குடத்தை வழியிலிருந்து தள்ளி வைத்தார்.

ஹைப்போ

கைச்செய் கேமரா பற்றிய இழையில் கிரகணம் எதற்கு? பிலிமும் இல்லை, பேப்பரும் இல்லை. எதிலும் பதியாததை எப்படிப் படம் என்று சொல்வது?

மொட்டைமாடி

ஹம்பி விருபாட்சர் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஒரு சின்னத் துளை வழியாகக் கோபுரத்தின் பிம்பம் உள்சுவரில் தலைகீழாக விழுகிறது. அதிலும் பேப்பர் கிடையாது. அதைப் பார்க்கத்தான் கூட்டம் நிற்கிறது. கொடைரோடு தாராளமாக எழுதலாம்.

நெய்தல்

என்னுடையது ஒரு கடற்கரைக் காவலரைப் பற்றியது. பொழுது சாய்ந்த நேரம். கறுப்பு டேப் சுற்றிய டின்னை மணல் திட்டில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். யாரோ சொல்லி அவர் வந்துவிட்டார். சுற்றிலும் ஆட்களை ஒதுக்கிவிட்டு, "இது யாருடையது?" என்றார். என்னுடையது என்று எழுந்தேன். "திற" என்றார். திறந்தால் படம் போய்விடும் ஐயா, இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது என்றேன்.

அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, டின்னுக்கும் கூட்டத்துக்கும் நடுவே போய் நின்றார். ஏழு நிமிடமும் அங்கேயே நின்றார். அலை பார்க்க வந்த பிள்ளைகளைக் கையால் விலக்கிக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்ததும், "ஆயிற்று, மூடு" என்று அவர்தான் சொன்னார். நான் துளையை அடைத்த பிறகும் திறக்கச் சொல்லவில்லை. தூக்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

படத்தின் வலது ஓரத்தில் அவர் இருக்கிறார். தொப்பி தெரிகிறது, கால்கள் தெளிவாக இருக்கின்றன, வலது கை இல்லை.

கருப்புத்துணி

நெய்தல், இனிமேல் இப்படி ஆகாமலிருக்க ஒரு வழி. அதே அளவில், அதே டேப் சுற்றிய காலி டின் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். காவலர் கேட்டால் அதைத் திறந்து காட்டிவிடலாம். டின்னின் மேல் 'புகைப்படக் கருவி, உள்ளே தாள் மட்டும்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி, கைபேசி எண்ணையும் போடுங்கள். ரயில் நிலையம், துறைமுகம், அணைக்கட்டு, பாலம் பக்கம் முன் அனுமதி இல்லாமல் போகவே போகாதீர்கள். ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாள். அன்று நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

நெய்தல்

எழுதி வைப்பது நல்ல யோசனை, செய்கிறேன். காலி டின் வேண்டாம். என் பேச்சை நம்பி ஏழு நிமிடம் நின்ற மனிதரிடம் வேறொரு டின்னைத் திறந்து காட்ட என்னால் முடியாது.