மிகுபுனைவு எழுதுறவையே அந்தப் பெயரை ஏன் தள்ளி வைக்கினம்?

நாவற்காய்:
யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றை நடுவில வைச்ச மாயக்கதை நாவல் ஒண்டு முடியிற கட்டத்தில கிடக்கு. அட்டையில "மிகுபுனைவு" (பான்டசி) எண்டு போடுறதா, வெறும் "நாவல்" எண்டு விடுறதா? பான்டசி எழுதி இலட்சக்கணக்கில விக்கிற எழுத்தாளர்மாரே அந்தப் பெயரை ஒதுக்கியிருக்கினமாம். ஆர், என்ன காரணத்துக்கு? அந்த எண்ணம் எழுத்துக்குள்ளயும் இறங்குமோ?

கற்கோவளம்:
காரணம் ஆளுக்கு ஆள் வேற. முதல் ஹரி பொட்டர் வெளிவந்த பிறகுதான் அது பான்டசி எண்டு தனக்கு உறைச்சது எண்டு ரவுலிங் 2005இல டைம் சஞ்சிகைக்குச் சொன்னார். மந்திரவாதியும் யூனிகோர்னும் (ஒற்றைக்கொம்புக் குதிரை) கிடக்கேக்க தெரியேல்லையோ எண்டு பான்டசி எழுத்தாளர் ரெறி பிரச்செட் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். "நோர்தேர்ன் லைட்ஸ்" நாவல் எழுதின பிலிப் புல்மன் சொன்னது வேற சங்கதி: தன்ர கதை அப்பட்டமான யதார்த்தம், அதில வாற மாயமெல்லாம் மனுச மனசைக் காட்டுற வழி எண்டார். நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ 2015இல, பூதங்கள் வாற தன்ர புது நாவலை வாசகர் பான்டசி எண்டு சொல்லிவிடுவினமோ எண்டு யோசிச்சதை, பான்டசி எழுத்தாளர் உர்சுலா லெ குவின் அவமதிப்பா எடுத்துக் கண்டிச்சார். தான் பூதங்களின்ர பக்கம்தான் எண்டு இஷிகுரோ மறுமொழி சொல்ல, அவசரப்பட்டதுக்கு லெ குவின் வருத்தம் தெரிவிச்சார். என்னைக் கேட்டா, புல்மன் சொன்னதில மட்டும்தான் எழுதுறவைக்கு உதவுற விசயம் இருக்கு.

வேலணைத்துறை:
எழுத்துக்குள் கட்டாயம் இறங்கும். 1939இல் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி, "லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்" எழுதிய டோல்கீன் ஆற்றிய உரையை வைத்துப் பாருங்கள். கதையில் நையாண்டி இருக்கலாம், மாயத்தை மட்டும் நையாண்டி செய்யக்கூடாது என்கிறார். கடைசியில் எல்லாம் கனவு என்று அவிழ்க்கும் கதையை அவர் அந்த வகையிலேயே சேர்ப்பதில்லை. உள்ளே நிற்கும்வரை அந்த உலகம் உண்மை என்று வாசகர் நம்பவேண்டும். ஆசிரியரின் கூச்சம் முதலில் வெளிப்படுவது இந்த இரண்டு இடங்களிலும்தான்.

அடுத்தது உரையாடல். லெ குவின் 1973 கட்டுரையொன்றில், ஒரு மிகுபுனைவுப் பகுதியின் பெயர்களை மாற்றி அதை வாஷிங்டன் அரசியல் பேச்சாக்கி, அந்தப் பேச்சில் மாய உலகமே இல்லை என்று காட்டினார். நீங்களும் ஒரு பக்கத்தை எடுத்து, அரசனின் பெயர் உள்ள இடத்தில் கொழும்பு அமைச்சர் ஒருவரின் பதவியைப் போட்டு வாசியுங்கள். ஒன்றும் இடறவில்லை என்றால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதவேண்டும். அதற்காகக் கல்வெட்டுத் தமிழுக்குப் போகவேண்டாம். எங்கள் ஆட்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்: பத்து வரிக்குள் எல்லாப் பாத்திரமும் ஒரே குரலாகிவிடும். நாட்டார் வழக்கில், சுருக்கமான வாக்கியத்தில் பேசவிடுங்கள்.

துலாக்கொடி:
மாயத்துக்கு எல்லை போட்டாச்சோ? பான்டசி எழுத்தாளர் பிரண்டன் சாண்டர்சன் 2007இல எழுதின முதல் விதி: மாயத்தால சிக்கலை அவிழ்க்கிறதெண்டா, அந்த மாயம் வாசகருக்கு எவ்வளவு விளங்கியிருக்கோ அவ்வளவுக்குத்தான் முடிவு ஒட்டும். உங்கட கிணத்திலயே விதி ஆயத்தமா இருக்கு. இராமன் அம்பு விட்டுத் தண்ணி எடுத்த கதை ஒரு பக்கம், மேல நன்னீர் கீழ சவர் (உப்புத்தண்ணி) எண்டது மற்றப் பக்கம். அளவுக்கு மிஞ்சி இறைச்சா சவர் ஏறும் எண்டது எங்கட தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரியும். மந்திரத்துக்கும் அதே விலையை வையுங்கோ: கூட எடுத்தா ஊர்க்கிணறுகள் சவராகும். இதை முதல் மூண்டு அதிகாரத்துக்குள்ள ஒருக்கா நடத்திக் காட்டவேணும். கடைசியில புதுசாச் சொன்னா, எழுத்தாளர் தப்பிக்க வழி தேடினமாதிரித்தான் தெரியும்.

அட்டையில "மிகுபுனைவு" எண்டே போடுங்கோ. வெறும் "நாவல்" எண்டா, கிணத்துப் பேய் வந்தவுடன அது போரின்ர உருவகம் எண்டு எங்கட வாசகர் முடிவுகட்டிப்போடுவினம். டோல்கீனுக்கும் அதே கரைச்சல்தான். அவற்ர மோதிரக் கதையை (லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்) உலகப்போரோட பொருத்தினவைக்கு, தனக்கு உருவகக்கதை பிடிக்காது, வாசகர் தாங்களாப் பொருத்திப் பாக்கிறது வேற எண்டு இரண்டாம் பதிப்பு முன்னுரையில எழுதினார்.

நாவற்காய்:
விலை விசயம் பிடிபட்டிட்டு. முதல் அதிகாரத்திலயே ஒரு தோட்டக்கிணறு சவராகுது எண்டு மாத்துறன். கனவில முடியிற கடைசி அதிகாரத்தை வெட்டுறன்.