முறை யாருக்கு? ஃபாயில் கிளிப்புக்கு நாலு சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

பி.டி. மாஸ்டர், திங்கள் ராத்திரி:

எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தமிழ்ச் சொல் மடல் பட்டியல்ல ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இப்ப ஒரு அவசரம். நான் ஸ்கூல்ல பி.டி. வாத்தியார், பதினோரு பிள்ளைங்களுக்கு ஃபென்சிங் (வாள்வீச்சு) சொல்லித் தரேன், முனையால குத்துற ஃபாயில் வாள் மட்டும். மேட்ச்ல ஒருத்தர் ஆடும்போது இன்னொருத்தர் போன்ல எடுத்துடுவாங்க, ராத்திரி நான் கிளிப் கிளிப்பா பாத்து வாட்ஸாப்ல எழுதி அனுப்புவேன். நான் எழுதுறது இப்படித்தான் இருக்கும்: "ரிபோஸ்ட் லேட்", "பாரி பெருசு", "ரைட் ஆஃப் வே போச்சு". பாரின்னா எதிராளி வாளைத் தடுக்கிறது, ரிபோஸ்ட்னா தடுத்ததும் திருப்பிக் குத்துறது, ரைட் ஆஃப் வேன்னா ரெண்டு பேர் குத்தும் ஒண்ணா பட்டா புள்ளி யாருக்குங்கிற உரிமை. போன வாரம் ஒரு பொண்ணோட அம்மா போன் பண்ணி, சார் வே போச்சுன்னு போட்டிருக்கீங்களே எந்த வழி போச்சுன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன், அப்புறம் யோசிச்சா அந்தப் பொண்ணுக்கே தெரியல.

அவ கிளிப்பைச் சொல்றேன். நாலுக்கு நாலு, கடைசி டச். ரெண்டு பக்கமும் கலர் லைட் எரியுது, அதாவது ரெண்டு பேர் குத்தும் பட்டிருக்கு, நடுவர் எதிராளி பக்கம் கை காட்டிட்டார். இவ முகமூடியைக் கழட்டக்கூட இல்ல, உள்ளயே அழுகை. "நான்தான் சார் முதல்ல போனேன்." போனது நிஜம். ஆனா ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்திப் பாத்தா முன்கால் தரையை விட்டுக் கிளம்பிருச்சு, முழங்கை இன்னும் விலா ஓரமா மடங்கித்தான் இருக்கு. கை நீள ஆரம்பிக்கிறது நாலு ஃப்ரேம் கழிச்சு. போன்ல செகண்டுக்கு 30 ஃப்ரேம், அப்ப சுமார் 130 மில்லிசெகண்ட். அந்த இடைவெளில எதிராளி கையை நீட்டி முடிச்சுட்டா.

கால் முதல்ல போனா தாக்குதல் இல்ல, கை நீண்டு முனை மிரட்டுனாதான் தாக்குதல். இதை அவளுக்குப் புரியிற மாதிரி ஒரே வரில எழுதணும். வெள்ளிக்கிழமை கேம்ப், ரெண்டு பக்கத் தாள் குடுக்கப் போறேன். ரைட் ஆஃப் வே, பாரி, ரிபோஸ்ட், லஞ்ச் (முன்காலை நீட்டி வெச்சுக் குத்துறது), இந்த நாலுக்கும் தமிழ் வேணும். ஃபீட்பேக்குக்கும் இருந்தா நல்லது.

மென்பொருள் தம்பி:

முன்னுரிமை, தடுப்பு, பதிலடி, பாய்ச்சல், பின்னூட்டம். மாஸ்டர், முடிஞ்சுது, தூங்கப் போங்க :)

பத்திரக்காரர்:

தம்பி அவசரப்படாதீங்க. நான் முப்பது வருஷம் பத்திரம் எழுதினவன், ரைட் ஆஃப் வேக்கு எங்ககிட்ட அழகான சொல் இருக்கு, வழிநடைப் பாத்தியம். "ஆள், கால்நடை, வண்டி போகவர பாத்தியம் உண்டு"ன்னு எழுதாத பத்திரமே கிடையாது. நடுவர் கை காட்டும்போது "பாத்தியம் இடப்பக்கம்"னா எவ்வளவு கம்பீரமா இருக்கும். அப்புறம் பாரிக்கு எதுக்கு வேற சொல்? மூணு வேந்தரும் சேந்து பறம்பு மலையை முற்றுகை போட்டப்போ தடுத்து நின்னவன் பேரே பாரி. கத்தியோட நுனி முனை. ரெண்டையும் சேத்தா பாரிமுனை, சென்னைல 1-ம் நம்பர் பஸ்ல ஏறி இறங்கிக்கலாம்.

ஓய்வு பேராசிரியர்:

பாரியை வைத்து விளையாட வேண்டாம். பாரிமுனை தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டு வியாபாரியின் பெயரால் வந்தது, வள்ளல் பெயரால் அல்ல. அது கிடக்கட்டும். மாஸ்டர் கேட்பது தாக்குதல், தடுத்தல், தடுத்தபின் திருப்பித் தாக்குதல் என்ற மூன்று நிலை. இதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது. ஆநிரை கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. மதிலைக் காப்பது நொச்சி, வளைப்பது உழிஞை. ஆகவே பாரி நொச்சி, ரிபோஸ்ட் கரந்தை. எதிராளி பறித்துப்போன உரிமையை மீட்டுக்கொண்டு வருவதுதானே ரிபோஸ்ட்? கரந்தையைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லை யாராவது காட்டட்டும், நான் பட்டியலைவிட்டு விலகிக்கொள்கிறேன்.

மென்பொருள் தம்பி:

> நான் பட்டியலைவிட்டு விலகிக்கொள்கிறேன்

ஐயா இது இந்த வருஷம் மூணாவது தடவை. எட்டாங்கிளாஸ் பிள்ளைகிட்ட "உன் கரந்தை லேட்"னு சொன்னா அது கொட்டைக்கரந்தை இலைன்னு நினைக்கும். தவிர தொல்காப்பியத்துல கரந்தை தனித் திணையே இல்ல, வெட்சிக்குள்ளதான் வருது, தனியா பிரிச்சது புறப்பொருள் வெண்பாமாலை. எந்தக் கணக்குல எடுத்துக்கிறது?

ஓய்வு பேராசிரியர்:

(இதுக்கு நாப்பது வரி பதில். நச்சினார்க்கினியர், இளம்பூரணர், யார் உரை சரி, 1987-ல் ஒரு கருத்தரங்கில் தனக்கு நேர்ந்த அவமானம். மாஸ்டருக்கு வேண்டியது அதுல இல்லாததால வெட்டிட்டேன், முழுசும் பழைய மடல்ல இருக்கு. மட்டுறுத்துநர்.)

சேபர் ஆடினவள்:

நான் காலேஜ் வரைக்கும் சேபர் ஆடினேன், இப்ப மொழிபெயர்ப்பு வேலை, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். முதல்ல ஒரு முணுமுணுப்பு. பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 2021 ஜூலைல முதல் ரவுண்டை 15-3னு ஜெயிச்சப்போ எல்லா பேப்பர்லயும் "வாள்வீச்சு வீராங்கனை". அவங்க ஆடுறது சேபர், அதுல வெட்டும் உண்டு குத்தும் உண்டு, வீச்சு சரிதான். ஆனா ஃபாயில்லயும், எபேங்கிற மூணாவது வகை வாள்லயும் வீசி என்ன பண்றது? முனையில 500 கிராமுக்கு மேல அழுத்தினாதான் ஃபாயில்ல லைட்டே எரியும், எபேக்கு 750. அது குத்து. மாஸ்டர் தாள்ல தலைப்பே "வாள்வீச்சு"ன்னு இருந்தா பிள்ளைங்க வீசத்தான் செய்யும்.

இப்ப ரிபோஸ்ட். தம்பி பதிலடின்னாரு, இன்னும் யாராவது வந்து எதிர்க்குத்துன்னும் மறுகுத்துன்னும் சொல்லப் போறீங்க, அதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். எதிராளி தாக்கி வந்துட்டிருக்கும்போதே தடுக்காம நாமும் குத்துறது ஒண்ணு இருக்கு, கவுன்ட்டர் அட்டாக். எதிர்க்குத்துங்கிற சொல் அதுக்கு வேணும், ரிபோஸ்ட்டுக்குக் குடுக்க முடியாது. நம்ம குத்தைத் தடுத்துட்டாங்க, நாம கையை மடக்காம அதே இடத்துலேருந்து திரும்பவும் குத்துறோம், அது ரெமீஸ். மறுகுத்து அதுக்குத்தான் பொருந்தும். கிளிப் பாத்து எழுதும்போது இந்த மூணும் குழம்பினா திருத்தமே தலைகீழாப் போயிடும், ஏன்னா ரிபோஸ்ட்டும் ரெமீஸும் ஒண்ணா விழுந்தா உடனே வந்த ரிபோஸ்ட்டுக்குத்தான் புள்ளி. ரிபோஸ்ட்டுங்கிற பிரெஞ்சுச் சொல் இத்தாலிய ரிஸ்போஸ்தாலேருந்து வந்தது, அர்த்தம் பதில், அவ்வளவுதான். அதனால பதில்குத்து.

லஞ்சுக்கு பாய்ச்சல் வேண்டாம், ஃப்ளேஷ்னு ஒண்ணு இருக்கே, உடம்பே அம்பு மாதிரி போறது, பாய்ச்சலை அதுக்கு வைங்க. லஞ்சுக்கு எட்டு போதும், "எட்டிக் குத்து"ன்னு சொன்னா யாருக்கும் புரியும்.

ஓய்வு பேராசிரியர்:

அம்மா, விளக்கம் தெளிவு, நன்றி. ஆனால் பதில் அரபுச் சொல். பதல். ஒரு கலைச்சொல்லைப் புதிதாகச் செய்யும்போதே கடன் வாங்கித் தொடங்குவது என்ன பழக்கம்? விடை இருக்கிறது. விடைக்குத்து.

பத்திரக்காரர்:

விடைன்னா காளையும்தான் சார். விடைக்குத்துன்னா ஜல்லிக்கட்டுல குத்து வாங்குனவன்னு ஆயிடும். விடை குடுத்தல்னா அனுப்பி வைக்கிறது வேற.

சேபர் ஆடினவள்:

ஐயா, பதில் அரபுன்னா பிஸ்ட் (நாம ஆடுற தளம்) என்ன, ஃபாயில் என்ன? "பதில் சொல்லு"ன்னு கேக்காத தமிழ் வீடு எங்க இருக்கு? பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்ச சொல்லைத் தள்ளிட்டு அகராதியைத் தூக்கச் சொன்னா அது "ரிபோஸ்ட்"டுக்கே திரும்பிடும், நீங்க விரட்டணும்னு நினைக்கிறது நடுவீட்டுல உக்காந்துக்கும்.

ஸ்கார்பரோ அக்கா:

வணக்கம், கொஞ்சம் பிந்தித்தான் பாத்தனான். என்ர மகள் எபே விளையாடுறவள், அதிலை ரைட் ஆஃப் வேயே இல்லை, 40 மில்லிசெக்கனுக்குள்ளை ரெண்டு பேரும் குத்தினால் ரெண்டு பேருக்கும் புள்ளி. 25 ஃப்ரேம் வீடியோவிலை அது சரியா ஒரு ஃப்ரேம், போனிலை பாத்து ஆர் முந்தி எண்டு சண்டை பிடிக்கிறதிலை பிரயோசனமில்லை. மாஸ்டர், உங்கட பிள்ளையள் எங்கை நிண்டு படம் எடுக்கினம்? பின்னாலை நிண்டு எடுத்தால் தூரமும் விளங்காது கையும் விளங்காது. பக்கவாட்டிலை, நடுக்கோட்டுக்கு நேரை, இடுப்பு உயரத்திலை போனை வையுங்கோ.

சொல்லுக்கு வாறன். முன்னுரிமை எண்டால் இஞ்சை கனடாவிலை ஆஸ்பத்திரி வரிசை ஞாபகம் வருது. நாங்கள் சின்னனிலை கிளித்தட்டு விளையாடேக்கை "இப்ப என்ர முறை" எண்டு கத்துவம். முதல் கை நீட்டினவளுக்கு முறை. மற்றவள் தடுத்தால் முறை அவளுக்கு மாறும். அவளின்ர பதிலை இவள் தடுத்தால் திரும்ப இவளுக்கு. முறை எண்டு மட்டும் வைச்சால் என்ன?

ஃபீட்பேக்குக்கு எங்கட பாடப்புத்தகங்களிலை பின்னூட்டல்.

பி.டி. மாஸ்டர்:

அக்கா, முறை!! இதைத்தான் தேடிட்டிருந்தேன். முன்னுரிமைல "முன்" இருக்கிறதால முதல்ல போனவனுக்குன்னு அர்த்தம் ஆயிடுது, என் பொண்ணு ஏமாந்ததே அங்கதான். முறை போகும், வரும், மாறும். "கை நீட்டலைன்னா முறை கிடையாது." ஒரே வரி.

போனை நான் பின்னாலதான் வைக்கச் சொல்லிட்டிருந்தேன் :( நாளைலேருந்து பக்கவாட்டு.

மென்பொருள் தம்பி:

முறைமாமன் முறைப்பெண் எல்லாம் ஞாபகம் வருமேன்னு பயமா இருக்கு. "முறை இல்லாம குத்திட்டா"ன்னு நடுவர் சொன்னா பெரியப்பா பஞ்சாயத்து ஆயிடாதா?

பின்னூட்டம் பத்தி: அது பிளாக் காலத்துல கமென்ட்டுக்குப் போனது, திரும்பி வரல. பின்னூட்டல் கொஞ்சம் தேவலாம். ஆனா "பின்னால எதை ஊட்டுறீங்க"ன்னு கேக்காத வகுப்பு கிடையாது.

பி.டி. மாஸ்டர்:

பரிட்சை பேப்பர்ல சிவப்பு மையில போடுறது திருத்தம். பிள்ளைங்களுக்கு அது போதும், கிளிப் திருத்தம்னு போட்டுடுறேன்.

ஓய்வு பேராசிரியர்:

முறை நல்ல சொல். முறை என்றால் நீதியும்கூட, மன்னன் முறை செய்வான் என்பார் வள்ளுவர். நடுவர் செய்வதும் அதுவே. இதை யாழ்ப்பாணத்துச் சகோதரி சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறையை ஏற்றதால் பதில்குத்தை ஏற்றதாக ஆகாது.

இன்னொன்று. பின்வாங்கி நிற்பதற்கும் சொல் இருக்கிறது. சண்டைக் கடா தாக்குவதற்காகப் பின்னே போவதை "பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து" என்கிறார். பேர்தல். ரிட்ரீட்டுக்குப் பேர் என்று வைக்கலாம்.

சேபர் ஆடினவள்:

"ஒரு பேர், ரெண்டு பேர், லஞ்ச்"னு கத்தினா ஆள் எண்ணுற மாதிரி இருக்கும் ஐயா. குறள் மட்டும் எடுத்துக்கிறேன், என் மொழிபெயர்ப்புக்கு ஆகும்.

மாஸ்டர், ஒண்ணு விட்டுப்போச்சு. பாரி பெருசுன்னு எழுதுறீங்களே, அது கை ரொம்ப அகலமாப் போறதா இல்ல வாளோட தப்பான பாகத்துல பிடிக்கிறதா? வாளை மூணாப் பிரிப்பாங்க. கைப்பிடிகிட்ட கெட்டியா இருக்கிறது ஃபோர்ட், நடு, அப்புறம் நுனிப்பக்கம் வளையிறது ஃபாய்பிள். தடுக்கும்போது நம்ம ஃபோர்ட்டால எதிராளி ஃபாய்பிளைப் பிடிச்சா சின்ன அசைவு போதும். நுனியால தடுக்கப் போனா எவ்வளவு பெருசா வீசினாலும் அவ வாள் தள்ளிட்டு வந்துடும். கிளிப்பை நிறுத்தி ரெண்டு வாளும் தொடுற இடத்தைப் பாருங்க.

ஓய்வு பேராசிரியர்:

மூன்று பாகமா? வலியது, மெலியது, இடைப்பட்டது? அம்மா, இதற்குமா சொல் தேடுகிறீர்கள்! வல்லினம், மெல்லினம், இடையினம்! வல்லினத்தால் மெல்லினத்தைத் தடு. புதிதாக எதையும் செய்யவே வேண்டாம், ஆறாம் வகுப்பிலேயே எல்லாரும் படித்துவிட்டார்கள்.

மென்பொருள் தம்பி:

ஐயா, இது நிஜமாவே சூப்பர். பொறாமையா இருக்கு.

பி.டி. மாஸ்டர், வியாழன் சாயந்திரம்:

இன்னிக்கு பிராக்டிஸ்ல ஓட்டிப் பாத்தேன். ஃபாயில்ல மூணு கலர் இன்சுலேஷன் டேப் சுத்தி, இது வல்லினம் இது இடையினம் இது மெல்லினம்னு சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுது. ஆனா அவங்க வல்லினம்னு சொல்லல. ஓரமா உக்காந்திருந்த ஒரு பையன் "கசடதபறல புடிறி, கசடதபறல புடி"ன்னு கத்துறான், மத்ததும் சேந்துக்கிச்சு. ஐயா மன்னிக்கணும், தாள்ல வல்லினம்னுதான் போட்டிருக்கேன், மைதானத்துல கசடதபற ஆயிடுச்சு.

அழுத பொண்ணு கிளிப்பை அவகிட்டயே குடுத்து, முறை எங்க போச்சு நீயே நிறுத்திக் காட்டுன்னேன். மூணு தடவை முன்னும் பின்னும் இழுத்துட்டு, சரியா முன்கால் கிளம்புற ஃப்ரேம்ல நிறுத்தினா. ஒண்ணும் சொல்லல, முழங்கையைத் தொட்டுக் காட்டினா.

தாள்ல இப்ப இருக்கிறது: முறை, தடுப்பு, பதில்குத்து, எட்டு, கிளிப் திருத்தம். பத்திரக்காரர் சார் பாத்தியத்துக்கு வருத்தப்படக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு பிரின்ட்டுக்கு அனுப்புறேன், அதுக்குள்ள யாராவது எதிர்த்தா சொல்லுங்க. கடைசில உதவினவங்களுக்கு நன்றின்னு ஒரு வரி போடலாம்னு இருக்கேன்.

மென்பொருள் தம்பி:

+1

ஸ்கார்பரோ அக்கா:

எனக்கும் சம்மதம். வாள்வீச்சு எண்ட தலைப்பை மாத்தினீங்களோ?

பி.டி. மாஸ்டர்:

மாத்தலை அக்கா. ஹெட்மாஸ்டர்கிட்ட அனுமதிக் கடிதம் அந்தப் பேர்ல இருக்கு.

பத்திரக்காரர்:

சம்மதம். பாத்தியத்தை அடுத்த தாளுக்கு வெச்சிக்குங்க. அனுமதிக் கடிதத்துல இருக்கிற பேரை மாத்தாம விட்டது ரொம்ப சரி, அப்புறம் திருத்தல் பத்திரம் போட வேண்டி வரும்.

ஓய்வு பேராசிரியர், ராத்திரி 9:52:

முறை, தடுப்பு, எட்டு, வல்லினம் நான்கையும் முழுமனதோடு ஏற்கிறேன். கசடதபற குறித்து எனக்கு வருத்தம் ஏதும் இல்லை, அந்தப் பையனிடம் சொல்லவும். பதில்குத்தை ஏற்கவில்லை. அது இருக்கும்வரை நன்றி வரியில் என் பெயர் வேண்டாம்.